மனதைப் பிடித்து ஆட்டும் மதகுரு: காமிக்ஸில் இந்த வில்லன் எப்படி வேலை செய்கிறான்?

2011-இல் வந்த ‘ஏழாம் அறிவு’ படத்தின் டாங் லீயை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைத் தெருவில் நடந்து வருவான். எதிரே வருகிற ஆளை ஒரு பார்வை பார்ப்பான். அவ்வளவுதான், அந்த ஆள் அடுத்த நொடியே அவன் சொன்னபடி ஆட ஆரம்பித்துவிடுவார். நோக்கு வர்மம் என்ற பெயரை அதற்கு முன் கேள்விப்படாதவர்கள்கூட அந்தப் படத்துக்குப் பிறகு அதைப் பற்றிப் பேசினார்கள். ஆகவே அடுத்தவர் மனதைக் கைப்பற்றும் வில்லன் நமக்குப் புதியவன் இல்லை.

அமெரிக்க காமிக்ஸில் இதே வில்லன் பல சமயம் வேறு கோலத்தில் வருகிறான். அங்கி அணிந்திருப்பான், மேடை ஏறுவான், கையை விரித்து ஆசி வழங்குவான். அவன் ஒரு மதகுரு. டாங் லீயிடம் மாட்டிக்கொண்டவர் அவனை அதற்கு முன் பார்த்ததே இல்லை. தன் வழியில் போய்க்கொண்டிருந்தவர் அவர். மதகுருவிடம் மாட்டிக்கொண்டவரோ அவனைத் தேடி வந்தவர். வண்டி பிடித்து, வரிசையில் நின்று, கண்ணீரோடு வந்தவர். இந்த வகை வில்லனின் மொத்த ரகசியமும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. காமிக்ஸ் பக்கமே போகாதவருக்கும் புரியும்படி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம். இந்த வகையில் பெயர் பெற்றவன் டிசி காமிக்ஸின் பிரதர் பிளட். 1982 ஜூலை தேதியிட்ட ‘நியூ டீன் டைட்டன்ஸ்’ 21-ஆம் இதழில் அறிமுகமானான். எழுதியவர் மார்வ் உல்ஃப்மன், வரைந்தவர் ஜார்ஜ் பெரஸ். ஜாண்டியா என்கிற கற்பனை நாட்டில் பிறந்த ஒரு ரகசிய மதம், அதன் பெயர் சர்ச் ஆஃப் பிளட். அதன் தலைவன் யாரோ அவன்தான் பிரதர் பிளட். அதாவது இது ஒரு ஆளின் பெயர் என்பதைவிட ஒரு பதவியின் பெயர். சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் முதல் பிளட், ஏசுவின் அங்கவஸ்திரம் என்று நம்பப்பட்ட துணிக்காக ஒரு பாதிரியாரைக் கொன்றான். அந்தப் பாதிரியார் சாகும்போது சாபம் விட்டார். அதனால் எந்த பிளட்டும் நூறு வயதைத் தொட முடியாது. அதற்குள் சொந்த மகன் கையாலேயே சாவான். கொன்ற மகன் அடுத்த பிளட் ஆவான். டைட்டன்ஸ் என்ற இளம் சூப்பர் ஹீரோ குழு மோதுவது இந்த வரிசையில் எட்டாவது ஆளோடு.

ரத்தக் குளத்தில் குளித்துப் பலம் ஏற்றிக்கொள்வது போன்ற காட்சிகளும் இந்தக் கதைகளில் உண்டு. படத்துக்கு அழகாக இருக்கும், சரி. என்னைக் கேட்டால் அவனுடைய நிஜமான பலம் குளத்தில் இல்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் இருக்கிறது. அடியார்கள் நம்ப நம்ப அவன் பலம் கூடுகிறது. நம்பிக்கை போனால் பலமும் போகும். ஆட்களை மயக்கி வசப்படுத்துவது மட்டும் அவன் வேலை இல்லை. பெத்தனி ஸ்னோ என்ற டிவி நிருபர் அவனுடைய ஆள். அவள் கேமரா முன் நின்று, டைட்டன்ஸ் இளைஞர்கள்தான் வன்முறைக்காரர்கள் என்று ஊருக்குச் சொல்கிறாள். ஹீரோ ஒரு குத்து விட்டால் அது மறுநாள் செய்தியில் அப்பாவி பக்தர்கள் மீது தாக்குதல் ஆகிவிடுகிறது. நைட்விங்கையே, அதாவது ஒரு காலத்தில் பேட்மேனின் ராபினாக இருந்த டிக் கிரேசனையே, பிளட் ஒரு கட்டத்தில் தன் பக்கம் மாற்றி வைத்துக்கொள்கிறான். அத்தனை பயிற்சி பெற்ற ஆளே விழுந்தால் மற்றவர் கதி என்ன என்று வாசகர் பதறவே அந்தக் கதை.

இப்போது கருத்துக்கு வருவோம். மனதைக் கட்டுப்படுத்துவது என்று பொதுவாகச் சொல்கிறோமே, காமிக்ஸில் அது ஒரே சமாச்சாரம் இல்லை. ஒரு கதையைக் கையில் எடுத்ததும் நான் முதலில் கவனிப்பது இதைத்தான்: இந்தச் சக்தி எந்த வழியாக உள்ளே நுழைகிறது?

பழைய வழி ஹிப்னாடிசம். முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு மாண்ட்ரேக்கைச் சொல்ல வேண்டியதில்லை. 1934-இல் லீ ஃபாக் உருவாக்கிய மந்திரவாதி. கையை ஒரு அசைப்பு அசைத்தால் எதிரியின் துப்பாக்கி அவன் கண்ணுக்கே பாம்பாகத் தெரியும். மாண்ட்ரேக் நல்லவன். அதே வித்தையைக் கெட்டவன் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 1939-லேயே பேட்மேன் கதை காட்டிவிட்டது. ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 31-ஆம் இதழில் மாங்க் என்றொரு துறவி வருகிறான். தலையை மூடிய சிவப்பு அங்கி, நெற்றியில் மண்டையோடு. புரூஸ் வெயினுக்கு, அதாவது முகமூடி இல்லாத பேட்மேனுக்கு, நிச்சயமான பெண் ஜூலி மேடிசனை வசியம் செய்து கொலை செய்ய அனுப்புகிறான். பேட்மேன் தோன்றிய அதே ஆண்டிலேயே அங்கி போட்ட வசியக்காரன் வந்தாயிற்று. ஆனால் மாங்குக்குச் சபை இல்லை, பிரசங்கம் இல்லை. அங்கி வெறும் வேஷம். ஆள் உண்மையில் ரத்தக்காட்டேரி.

இன்னொரு வழி உடம்பு. 1964-இல் டேர்டெவில் என்ற சூப்பர் ஹீரோவின் கதையில் வந்த பர்ப்பிள் மேன் இந்த வகை. அவன் உடலிலிருந்து வெளியாகும் ரசாயனம் காற்றில் கலந்து எதிரே இருப்பவரின் மன உறுதியைக் கரைத்துவிடும். அவன் அறைக்குள் வந்தால் போதும், எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு டெலிபதி. எக்ஸ்-மென் குழுவின் புரொபசர் எக்ஸ் போல நேராக அடுத்தவர் மூளைக்குள் பேசுவது.

இந்த மூன்றிலும் பாதிக்கப்பட்டவருக்குப் பங்கு எதுவும் இல்லை. அவர் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நான்காவது வழி மூளைச்சலவை. அங்கேதான் மதகுரு வில்லனின் வீடு இருக்கிறது.

மூளைச்சலவை என்ற கருத்து உலகச் சந்தைக்கு வந்தது 1950-இல், எட்வர்ட் ஹன்டர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் வழியாக. கொரியப் போர் முடிந்தபோது சீன, வட கொரியத் தரப்பிடம் சிறைப்பட்டிருந்த அமெரிக்க வீரர்களில் 21 பேர் ஊர் திரும்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவே ஆடிப்போனது. ஏதோ செய்துவிட்டார்கள், மனதையே மாற்றிவிட்டார்கள் என்ற பயம் சினிமாவிலும் காமிக்ஸிலும் ஏறியது. ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற மனநல மருத்துவர் அப்படி சீனாவின் பிடியில் இருந்து வந்தவர்களோடு பேசி 1961-இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கண்டது மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை. வெளியுலகச் செய்தி வராமல் தடுப்பது, எல்லோர் முன்னிலையிலும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பது, குழுவுக்கென்று தனிப் பேச்சு, நம்மவர்தான் மனிதர் மற்றவர் இல்லை என்ற பிரிவினை. இப்படி எட்டு அம்சங்களை அவர் குறித்தார். எல்லாமே சாதாரண மனிதர்கள் சாதாரண மனிதர்களுக்குச் செய்யக்கூடியவை. அதனால்தான் அந்தப் பட்டியலைப் படித்தால் பயமாக இருக்கிறது.

பிறகு 1978 நவம்பர் 18. தென் அமெரிக்காவின் கயானாவில் ஜோன்ஸ்டவுன் என்ற குடியிருப்பு. ஜிம் ஜோன்ஸ் என்ற போதகரை நம்பி அமெரிக்காவை விட்டு வந்த 900-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் செத்தார்கள். பெரும்பாலோர் சயனைடு கலந்த பானத்தால். குழந்தைகள் நூற்றுக்கணக்கில். அமெரிக்க வாசகன் மனதில் அந்தப் புகைப்படங்கள் ஆறாத காலத்தில், நான்கே ஆண்டு கழித்து, பிரதர் பிளட் வருகிறான். கூட்டத்தையே கையில் வைத்திருக்கும் குருவைப் பார்த்து அன்றைய வாசகனுக்கு எதற்கு வயிற்றைக் கலக்கியிருக்கும் என்பது இந்தப் பின்னணி தெரிந்தால்தான் நமக்குப் புரியும்.

அதே 1982-இல் மார்வெலும் ஒரு கெட்ட போதகரைக் கொண்டுவந்தது. ‘காட் லவ்ஸ், மேன் கில்ஸ்’ என்ற எக்ஸ்-மென் கதை. கிறிஸ் கிளேர்மான்ட் எழுத, பிரென்ட் ஆண்டர்சன் வரைந்தது. அதில் வரும் ரெவரெண்ட் வில்லியம் ஸ்ட்ரைக்கருக்கு அதிசய சக்தி ஒன்றுகூடக் கிடையாது. டிவியில் பிரசங்கம் செய்கிறார். மியூட்டன்ட்கள், அதாவது பிறவியிலேயே அதிசய சக்தி கொண்டவர்கள், கடவுளின் படைப்பே இல்லை என்று வேதாகமத்தை மேற்கோள் காட்டிப் பேசுகிறார். புரொபசர் எக்ஸைக் கடத்தி, அவருடைய டெலிபதியையே மியூட்டன்ட்களைக் கொல்லும் ஆயுதமாக்கப் பார்க்கிறார். மனதைப் பிடிக்கும் சக்தி ஒருவரிடம், அதை ஆட்டும் கை இன்னொருவரிடம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி வரும். ஸ்ட்ரைக்கர் நிஜமான வேதாகமத்தைப் பேசுகிறார், பிளட்டுக்கு மட்டும் ஏன் இல்லாத நாடும் இல்லாத மதமும்? ஒரு காரணம் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. 1954-இல் வந்த காமிக்ஸ் கோட் என்ற தணிக்கை விதிகள், எந்த மதத்தையும் கேலி செய்யவோ தாக்கவோ கூடாது என்றன. அன்று கடைகளில் மாதாமாதம் விற்ற இதழ் அந்த முத்திரையோடு வர வேண்டியிருந்தது. கெட்ட குரு வேண்டுமென்றால் மதத்தையே புதிதாகக் கட்டிக்கொள்வது பாதுகாப்பான வழி. எக்ஸ்-மென் கதையோ தனிப் புத்தகமாக, அந்தத் தணிக்கைக்கு வெளியே வந்தது. அதனால் கிளேர்மான்ட்டால் நேராகப் பேச முடிந்தது. என் கணக்கில் இரண்டில் பயங்கரமானவர் ஸ்ட்ரைக்கர்தான். கண் சிவக்காமல், கை அசைக்காமல், மைக்கை மட்டும் வைத்துக்கொண்டு அவர் செய்வதைப் பார்க்கும்போது படிக்கிறவருக்குத் தப்பிக்க இடம் கிடைப்பதில்லை.

இந்தக் கருத்து செயலில் எப்படி இருக்கும் என்று பார்க்க, சென்னையிலேயே ஒரு பக்கம் வரைந்து பார்க்கலாம். முழுக்கக் கற்பனை.

முதல் கட்டம்: கிழக்குக் கடற்கரைச் சாலை, ஞாயிறு மாலை. ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு அம்மா இறங்குகிறார். கையில் மஞ்சள் பை, பைக்குள் ஸ்கேன் ரிப்போர்ட். இரண்டாவது கட்டம்: பந்தல் வாசலில் வெள்ளை உடுப்பு போட்ட ஒரு பெண் அவருக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். “எங்கிருந்தும்மா வர்றீங்க? தனியாவா வந்தீங்க?” “வியாசர்பாடிம்மா. பையனுக்குக் கிட்னில பிரச்சனை. டாக்டர் கைய விரிச்சிட்டார்.” மூன்றாவது கட்டத்தில் அந்தப் பெண் கையிலிருக்கும் சீட்டில் ஏதோ எழுதுவது மட்டும், ஓரத்தில், சின்னதாக. நான்காவது கட்டம் பக்கத்தின் பாதி. மேடை, எல்இடி திரை, ஐயாயிரம் தலைகள். குரு கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்: “வடசென்னையிலேர்ந்து ஒரு தாய் வந்திருக்கா. பையன நெனச்சு அழுதுட்டே வந்திருக்கா. எழுந்திரும்மா.” கடைசிக் கட்டத்தில் அந்த அம்மாவின் முகம் மட்டும். கண்ணில் கருவிழி இல்லை, வெறும் வெள்ளை.

இதில் சக்தி எந்தக் கட்டத்தில் வேலை செய்தது? அவசரமாகப் பார்ப்பவர் கடைசிக் கட்டத்தைக் காட்டுவார். கருவிழி மறைவதுதான் காமிக்ஸில் ஆள் வசமாகிவிட்டதற்கு அடையாளம் என்பதால். ஆனால் வேலை இரண்டாவது கட்டத்திலேயே முடிந்துவிட்டது. அந்த அம்மா தன் பயத்தைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இது கதைக்காகச் சொன்னது என்று நினைக்க வேண்டாம். 1986-இல் பீட்டர் போப்ஃபாஃப் என்ற அமெரிக்க டிவி போதகரின் கதை இப்படித்தான் வெளியே வந்தது. கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்களின் பெயர், நோய் எல்லாம் கடவுளே சொல்வதுபோல அவர் சொல்வார். மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் குழு ரேடியோ அலைகளைத் தேடிப் பிடித்தது. 39.17 மெகாஹெர்ட்ஸில் கேட்டது போதகரின் மனைவி குரல். முன்கூட்டியே திரட்டிய விவரங்களை அவர் வாசிக்க, காதில் வைத்திருந்த சின்னக் கருவி வழியாக போதகர் கேட்டுக்கொண்டிருந்தார். ராண்டி அந்த ஒலிப்பதிவை ஜானி கார்சனின் டிவி நிகழ்ச்சியில் நாடே பார்க்கப் போட்டுக் காட்டினார்.

வரையும் முறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் காமிக்ஸில் மனம் என்ற கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்ணுக்குக் காட்டியாக வேண்டும். வெள்ளைக் கண்ணைச் சொன்னேன். தலையைச் சுற்றி வட்ட வட்டமாக அலை இன்னொன்று. வசப்பட்டவரின் வசனம் எழுதிய பலூனின் ஓரம் நெளிந்திருக்கும், அல்லது வில்லனின் பலூன் நிறம் அவர் பலூனுக்கும் ஏறியிருக்கும். நிறமே பாத்திரமாகிவிடுவதும் உண்டு. பர்ப்பிள் மேனின் தோலே ஊதா. பிளட்டுக்குச் சிவப்பு. நல்ல ஓவியர் இதையெல்லாம் விட்டுவிட்டு உடல்மொழியில் காட்டுவார்: எல்லோரும் ஒரே கோணத்தில் தலை சாய்த்திருப்பார்கள். கூட்டக் காட்சியில் நூறு முகத்தையும் தனித்தனியாக வரையும் பொறுமை பெரஸுக்கு இருந்தது, அதற்காகவே பெயர் வாங்கியவர் அவர். தனித்தனி முகமாக இருப்பவர்கள் ஒரே வாயால் பேசும்போது வருகிற திகில், மொத்தமாகத் தலைகளைக் கிறுக்கிவைத்தால் வராது.

சரி, இப்படிப்பட்டவனை எப்படித் தோற்கடிப்பது? இங்கேதான் சாதாரண சூப்பர் ஹீரோ கதை திணறுகிறது. கொள்ளைக்காரனை அடிக்கலாம், ராட்சத ரோபோவை உடைக்கலாம். குருவுக்கும் ஹீரோவுக்கும் நடுவில் ஐயாயிரம் பேர் நிற்கிறார்கள், அத்தனை பேரும் அப்பாவிகள், அத்தனை பேரும் மனமுவந்து நிற்கிறார்கள். குருவை அடித்தால் அவன் தியாகி ஆவான், கூட்டத்தின் நம்பிக்கை இன்னும் கூடும். பிளட் விஷயத்தில் நம்பிக்கை கூடினால் பலமும் கூடும்.

மோசமான கதாசிரியர் இந்த இடத்தில் ஒரு மெஷினைக் கொண்டுவருவார். மெஷினை உடைத்ததும் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்பார்கள். கதை முடிந்தது. எனக்கு இந்த முடிவு பிடிப்பதே இல்லை. தேடி வந்த மனிதரின் பயத்துக்கும் துக்கத்துக்கும் அதில் இடமே இல்லை. கிட்னி ரிப்போர்ட்டோடு வந்த அம்மாவுக்கு மெஷின் உடைந்த பிறகும் பையனின் நோய் அப்படியேதான் இருக்கும்.

எக்ஸ்-மென் கதை இதை வேறு விதமாகக் கையாள்கிறது. உச்சக்கட்டம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், கூட்டத்துக்கும் டிவி கேமராவுக்கும் முன்னால். எக்ஸ்-மென் தலைவர் சைக்ளாப்ஸ் ஸ்ட்ரைக்கரோடு வாதம் செய்கிறார். கண்ணிலிருந்து கதிர் பாய்ச்சி மலையையே பிளக்கக்கூடிய ஆள் மேடையில் நின்று பேசுகிறார்! கடைசியில் ஸ்ட்ரைக்கர் ஒரு சின்னப் பெண்ணை நோக்கித் துப்பாக்கியை நீட்டும்போது அவரைச் சுட்டு வீழ்த்துவது எந்த சூப்பர் ஹீரோவும் இல்லை, அங்கே காவலுக்கு நின்ற சாதாரணப் போலீஸ்காரர். போதகர் பேச்சில் மயங்கக்கூடிய ஊர்க்காரர்களில் ஒருவரே சுயமாக யோசித்து எடுத்த முடிவு அது. மனதைப் பிடிக்கும் வில்லனுக்கு இதைவிடச் சரியான தோல்வி எழுத முடியாது என்று நினைக்கிறேன்.

2003-இல் தொடங்கிய ‘டீன் டைட்டன்ஸ்’ கார்ட்டூனின் மூன்றாவது சீசனும் இதே இடத்தை வேறு பாதையில் தொடுகிறது. சிறுவர் நிகழ்ச்சி என்பதால் மதத்தை எடுத்துவிட்டு, பிரதர் பிளட்டை ஒரு வில்லன் பள்ளியின் தலைமையாசிரியர் ஆக்கிவிட்டார்கள். மாணவர்கள் எல்லோரும் அவன் கண்ணைப் பார்த்ததும் அடங்குகிறார்கள், பாதி மனிதனும் பாதி இயந்திரமுமான சைபார்க் மட்டும் அடங்குவதில்லை. மூளையில் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ்தான் காரணம் என்று பிளட் நம்புகிறான். அதைக் கண்டுபிடிக்க சைபார்க்கைத் துண்டு துண்டாகக் கழற்றிக்கூடப் பார்க்கிறான். அவன் தேடுவது எந்த உதிரிபாகத்திலும் அகப்படவில்லை.

புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு ஸ்ட்ரைக்கர் கதை. ஒரே புத்தகத்தில் தொடங்கி ஒரே புத்தகத்தில் முடிகிறது, எக்ஸ்-மென் பற்றி முன்பின் தெரிய வேண்டியதில்லை. சில காட்சிகள் கொடூரமானவை, தொடக்கத்திலேயே இரண்டு குழந்தைகள் கொல்லப்படுகிறார்கள். ஆகவே பெரிய பிள்ளைகளுக்கு மட்டும். பிரதர் பிளட்டுக்கு நியூ டீன் டைட்டன்ஸின் 1982-ஆம் ஆண்டு இதழ்கள் அடங்கிய தொகுப்பை எடுங்கள். பத்து வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் கார்ட்டூனின் மூன்றாவது சீசன். நந்தனம் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் தமிழ் காமிக்ஸ் அரங்கில் மாண்ட்ரேக் கதை ஏதாவது கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதே கை அசைப்பு நல்லவன் கையில் எப்படி இருந்தது என்று முதலில் பார்த்துவிட்டு பிளட்டிடம் போனால் இரண்டுக்கும் உள்ள தூரம் தானாகவே தெரியும்.